கை வைக்காத பத்தொன்பது நாள்

மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். லிஃப்ட் மெக்கானிக், எதையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்து நிறுத்திய புண்ணியவான்.

இந்த லட்சணத்தில் அவர் வளர்ப்பது ஆப்பிரிக்க ஏரி மீன்கள். ஹாலில் நாலடித் தொட்டி, உள்ளே பாறைகள், சதா சண்டை போடும் சிக்லிட் கூட்டம். இவற்றில் தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும். மூன்று வாரம் பட்டினி. மிரண்டால் அவ்வளவையும் விழுங்கிவிடும். மாமா பாறையை நகர்த்தி நகர்த்தியே இரண்டு தடவை விழுங்க வைத்திருக்கிறார்.

மூன்றாவது தடவை, முட்டை தாயின் வாயில் இருக்கும்போதே, நீல நிற ஆண் மீன் செத்துவிட்டது. அந்த நீல நிறத்தில் இன்னொன்று அவருக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. இந்தக் குஞ்சுகளை விட்டால் அந்த நிறமே வீட்டில் இல்லை. தாயைத் தனித் தொட்டியில் விட்டு, நாலு பாறையும் வைத்தாயிற்று.

அக்கா சொல்லிவிட்டாள்: "இருபத்தோரு நாளைக்குள்ள தொட்டியில கை வச்சீங்கன்னா, அப்புறம் நடக்கறதே வேற."

மாமா அக்குளில் கைகளை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். வேலையிலிருந்து மணிக்கொரு ஃபோன். அப்போது அங்கே தங்கியிருந்த நான்தான் எடுப்பேன்.

"தாடை உப்பியே இருக்காடா?"

"இருக்கு மாமா. நீங்க லிஃப்டைப் பாருங்க."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவது எனக்கே கேட்கும்.

பத்தொன்பதாம் நாள் காலை தாடை ஒட்டிக் கிடந்தது. கண்ணுக்கு ஒரு குஞ்சும் தெரியவில்லை.

"முழுங்கிடுச்சுடா. இந்தத் தடவை நான் தொடவே இல்லையே!" என்றார். எனக்கே பாவமாக இருந்தது. விடுங்க மாமா என்று சொல்வதற்குள் சட்டையோடு இரண்டு கையையும் தண்ணீரில் விட்டுப் பெரிய பாறையைத் தூக்கிவிட்டார்.

அடியிலிருந்து அரிசி அளவில் இருபது குஞ்சுகள் சிதறின.

தாய் பாய்ந்து வந்து வாயைத் திறந்தது. குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போயின. தாடை பழையபடி உப்பியது. இனி விழுங்குமா, வைத்திருக்குமா?

அக்கா ஓடி வந்தாள். "அசையாதீங்க! இப்ப கையை எடுத்தா இன்னும் மிரண்டுடும்."

பாறையைப் பிடித்தபடி மாமா முக்கால் மணி நேரம் நின்றார். ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. கை நடுங்கவில்லை.

கடைசியில் தாய் வாயைத் திறந்தது. முதல் குஞ்சு வெளியே வந்து அவர் கட்டைவிரலை மோந்து பார்த்தது. மாமாவுக்குக் கண்ணீர் கொட்டியது. அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன்.