வம்ச மரத்தில் என் மகள்

கொல்கத்தா சால்ட் லேக் ஆபீசில் உட்கார்ந்து அமெரிக்கர்களுக்கு மூதாதையரைத் தேடிக் கொடுப்பது என் வேலை. அமெரிக்காவில் ஆதியில் குடியேறிய ஒருத்தியின் கல்லறையில் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும்தான் இருந்தது. பல நாள் தேடி, அவள் பெயரையும் அவள் அம்மா பெயரையும் அன்றுதான் கண்டுபிடித்தேன்.

பூரிப்போடு பெஹாலா வீட்டுக்கு வந்தால், மாமனார் எங்கள் வம்ச மரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். அத்தனையும் ஆண்கள் பெயர். என் மகள் அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தாள்.

“மா, ஆமி கோதாய்?” என்று பெங்காலியில் என்னிடம் கேட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள். “நான் எங்க தாத்தா?”

“நீ இன்னொரு வீட்டுக்குப் போறவடா கண்ணு” என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப நீங்கல்லாம் யார் வயித்துல பொறந்தீங்க மாமா?”

அழியாத மார்க்கரை எடுத்து, கண்ணாடி மேலேயே அவள் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

என்றோ ஒருநாள் எவளோ சம்பளத்துக்கு உட்கார்ந்து என் மகளைத் தேட வேண்டியதில்லை.