கொசுறாக இறங்கியவை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன். பலதும் மறந்து போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. என் மருமகள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒரு நூல் மில்லுக்கு ஸ்டாக் பார்க்கிற சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். அது விலைபோனால் உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஒருநாள் திரையில் எழுத்தெல்லாம் சரசரவென்று ஓடியது.

"இதென்னத்தா, தானா ஓடுது?"

"அடுத்தவுக எழுதி வச்சதுல ஒண்ணு கேட்டேன் அத்தை. அதுக்கு வேண்டியதையெல்லாம் நெட்டுல இருந்து அதுவே எறக்கிக்கிருது."

"காய் வாங்குனா கருவேப்பில போடுறாப்புலயா?"

"ஆமா, கொசுறுதான்" என்று சிரித்தாள்.

மில்லிலிருந்து அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார், பழனிப் பக்கத்துக்காரர். "ஏனுங்கம்மா, வெளியில இருந்து எடுத்ததுக்கு லைசென்ஸெல்லாம் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"நான் எடுத்ததுக்குப் பாத்துட்டேன் சார்" என்றாள் மருமகள். அவள் குரல் இறங்கினது போலிருந்தது.

காபி கொடுக்கப் போன நான், வெளியாளிடம் பேசாதவள், அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமென்று, "கொசுறாத்தான் நெறைய எறங்குதுங்க. அதையெல்லாம் யாரு கேக்கப் போறா" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அதைத்தானுங்க மொதல்ல கேக்கோணும். பாத்துட்டுச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார்.

மருமகள் இறங்கியதை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். அவள் கேட்காமல் வந்த ஒன்றில் ஒரு நிபந்தனை இருந்ததாம்: அதைச் சேர்த்து விற்றால், அவள் எழுதியதையும் வாங்குகிறவருக்குத் திறந்து கொடுத்துவிட வேண்டும், அவர் அதை யாருக்கும் சும்மாவே கொடுக்கலாம். அப்புறம் வேறு மில்லில் எப்படி விற்பது? அதை எடுத்துவிட்டு, அந்த வேலையைத் தானே எழுதி முடிப்பதற்குள், மில்லில் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்கள்.

"நான் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்த்தா."

"பாக்காம வித்திருந்தா பின்னால நாந்தான் மாட்டியிருப்பேன். ஆனாலும் அத்தை, ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசுவீக. அம்புட்டையும் அவருகிட்டயா செலவழிக்கணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் அப்புறம் யார் வந்தாலும் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். உதவிக்கு ஆள் வைக்காமலே, கடைகளுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டு, தனியாளாகவே இருந்துவிட்டாள்.

அந்த நிபந்தனையை நான் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அவளிடமே கேட்கலாம், மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.