வேறு நிறம் பூசிய துண்டு

கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்ற பின், விருதுநகர் வீட்டில் உட்கார்ந்து தமிழில் ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். என் மகளுக்கு அந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

மாப்பிள்ளை விஸ்வநத்தத்துக்காரர், அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அவருடைய தாத்தா காலத்தில் அவர் வீட்டார் எங்களைப் போன்ற நிலம் வைத்திருந்த சம்சாரிகளின் புஞ்சையில் கூலி வேலை பார்த்தவர்கள். கல்யாணத்தை நான் தடுக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதையே பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன். அவர்கள் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

தலை தீபாவளிக்குப் பெண்ணைப் பெற்றவர் நேரில் போய் மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். என் மனைவி உயிரோடு இல்லை. போகவேண்டியவன் நான் ஒருவன்தான். ஐப்பசி பிறந்ததும் மகள் தனியாக வந்தாள்.

"எப்பப்பா அழைக்க வாரீக? எங்க மாமியா தெனமும் வாசலைக் கூட்டிட்டுக் காத்துக் கெடக்காக."

"இந்தப் பாடம் முடியட்டும்மா."

மேசையில் பாடத்துக்காக நான் வரைந்திருந்த கண்டத்தின் படத்தை எட்டிப் பார்த்தாள். "ஓரத்துல ஒட்டியிருக்க அந்தத் துண்டுக்கு மட்டும் ஏன் வேற கலரு?"

கடலடித் தளம் கனமானது, கண்டத்தின் அடியில் புகுந்து ஆழத்துக்குப் போய்விடும் என்றேன். அதன் மேல் வரும் தீவுகளும் நிலத்துண்டுகளும் தடித்தவை, கனம் குறைந்தவை. அவ்வளவு சுலபத்தில் அமிழாது. கண்டத்தின் விளிம்பில் மோதி, நசுங்கி, ஒட்டிக்கொள்ளும். கண்டங்கள் அப்படித்தான் வளர்ந்தன.

"ஒட்டி எம்புட்டு காலமாச்சு?"

"கோடிக்கணக்கான வருசம்."

"அம்புட்டு காலமாச்சு, இன்னுமா வேற கலரு?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

போகவில்லை. என் தம்பி கேட்டிருந்தான்: "ஏண்ணே, விஸ்வநத்தத்துல கை நனைக்கப் போறீகளாமே?" போனால் அங்கே சாப்பிடாமல் வர முடியாது. அந்த ஒரு வாய்ச் சோற்றுக்குப் பயந்து, முடிந்துபோன பாடத்தையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் அந்தக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. மாப்பிள்ளை உள்ளே இருந்தார்.

அப்போதுதான் அந்த வாசலை மிதித்தேன். உடலை எடுத்தாகிவிட்டது, ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சுவரில் சாய்ந்திருந்தார். அவரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்; விரல் இடுக்குகளில் அலுமினியப் பொடி இன்னும் மினுங்கியது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?"

மகளிடம் போய், "வீட்டுக்கு வந்துரும்மா" என்றேன்.

அவள் மாமியாரின் கையை விடவில்லை.

"கூப்பிடுறதுக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சதாப்பா? நான் இங்கன ஒட்டிட்டேன். எனக்கு வேற கலரு பூசாதீக."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தட்டில் போட்டு என் முன் வைத்தாள். கை நனைத்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பாடநூலை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் போய் அழைக்கிறேன். தண்ணீர் கொடுக்கிறாள், வரமாட்டேன் என்கிறாள்.