நிறைவேற்றப்பட்டது என்று நான் அடித்த வரி

எங்கள் பிரதேச சபையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பட்டியல் தயாரிப்போம். சபையால் செய்ய முடியாதவை மட்டுமே அதில் இருக்கும். குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும் எங்கள் வேலை. பெரிய வீதியைத் திருத்துவதும், ஆஸ்பத்திரிக்கு ஆள் போடுவதும், உப்புத்தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் அணை கட்டுவதும் எங்கள் கையில் இல்லை. அவற்றை ஒழுங்குபடுத்தி, முன்னுரிமைக் கோரிக்கைகள் என்று தலைப்பிட்டு, வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பாக மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கையளிப்போம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பது செயலாளரின் கட்டளை. "ரெண்டாம் பக்கத்தை எந்த எம்பியும் பிரட்டமாட்டார்" என்பார்.

அந்தப் பட்டியலைக் கணினியில் அடிப்பது நான். முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு. தகுதிகாண் காலம் முடிகிற நேரம். அடுத்த மாதம் நியமனத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வரவேண்டும்.

நான் பிறந்தது அரியாலை. வேலைக்காக, சாவகச்சேரியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஊரில், ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கணவருக்கு மட்டக்களப்பில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். அம்மா அக்காவின் பிரசவத்துக்கு லண்டன் போனவரால் என்னுடையதற்குத் திரும்பி வர முடியவில்லை. மகளை முதன்முதலில் குளிப்பாட்டியபோது கைபேசியை அலுமாரியில் சாய்த்து வைத்திருந்தேன். அம்மா அதற்குள் இருந்து "தலையைப் பிடி, தலையைப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொடர்பு விட்டுவிட்டு வந்தது. "தலையை" மட்டும் கேட்கும், மிச்சம் கேட்காது.

அந்த நாட்களில் என் வீட்டுக்குள் வந்துபோன ஒரே ஆள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப். ஊரில் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கர்ப்பமாக இருந்தபோதே வரத் தொடங்கினார். ஸ்கூட்டியை வேலியோடு நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே முற்றத்தில் நின்று "வீட்டில ஆள் இருக்கோ, கள்ளர் கொண்டு போட்டாங்களோ?" என்று கத்துவார். மகள் பிறந்த பிறகு வந்து, கைத்தராசில் துணித்தொட்டிலைக் கொழுவி நிறை பார்ப்பார். நான் எழுதி வைத்திருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பேன். பால் காணுமோ, இருமல் சாதாரணமோ, விக்கல் ஏன் இத்தனை தடவை.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. உமக்குத்தான் நிறை பார்க்கோணும் போலக் கிடக்கு. காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பாண்."

"எப்பத்தையான் பாண்?"

சிரிக்காமல் கேட்பார். நான் சிரித்துவிடுவேன். முதல்நாள் பாண் என்று அவருக்குத் தெரியும்.

மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது அவர் வருவது நின்றது. அவருடைய சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கம். இங்கே பார்த்தது தற்காலிகப் பதில் கடமை மட்டும் என்றும், அது முடிந்து திரும்பிப் போய்விட்டார் என்றும் கிளினிக்கில் சொன்னார்கள். அதன் பிறகு வேறொரு பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர் மாதத்தில் ஒருநாள் வந்து கிளினிக் நடத்துவார். வீடுகளுக்குப் போக அவருக்கு நேரமில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நிறையைக் கொப்பியில் குறித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். மகளின் கொப்பியில் நிறைக் கோடு மேலே ஏறுவதை விட்டுப் படுக்கத் தொடங்கியது. இரண்டு மாதம் அப்படியே போனது. சாப்பாடு ஊட்டும் முறையில் பிழையா, என்னில் பிழையா என்று வந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. அக்கம்பக்கத்தில் கேட்கலாம். கேட்டால் தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பார்களோ என்று கேட்காமல் இருந்தேன்.

இந்த முறை பட்டியல் வேலை தொடங்கியபோது, குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடத்தை யாராவது ஓர் உறுப்பினர் எழுதித் தருவார் என்று காத்திருந்தேன். ஒருவரும் தரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் மூத்த உத்தியோகத்தர் அக்காவிடம் மெல்லக் கேட்டேன். அவர் போனமுறைக் கோவையை எடுத்து விரித்தார்.

"உது முடிஞ்ச அலுவலெல்லே. இஞ்சை பாரும்."

ஏழாம் கோரிக்கை: குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரை நியமித்தல். நேரே, நிலைமை என்ற நிரலில்: நிறைவேற்றப்பட்டது. பக்கத்தின் அடியில் என் சுருக்கொப்பம்.

அதற்குப் பின்னால் சுகாதாரப் பணிமனையின் கடிதம் கோவைப்படுத்தப்பட்டிருந்தது. முதல் பந்தியில் உத்தியோகத்தர் ஒருவர் கடமையேற்றுள்ளார் என்று இருந்தது. இரண்டாம் பந்தியில், இது பதில் கடமை மட்டுமே, நிரந்தர வெற்றிடம் தொடர்கிறது என்று இருந்தது.

அந்தக் கடிதம் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. முதல்நாள் பின்னேரந்தான் மிஸ் முதன்முறையாக வீட்டுக்கு வந்திருந்தார். சத்தி எடுத்துச் சோர்ந்து கிடந்த எனக்கு உப்புப் போட்ட கஞ்சி எப்படிக் குடிப்பது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் கடிதத்தைக் கண்டதும் சந்தோஷத்தில் அந்தச் சொல்லை அடித்தேன். இரண்டாம் பந்தியை வாசித்தேனா? வாசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சில வேளைகளில், வாசித்தும், அவர்தான் வந்துவிட்டாரே, இனி என்ன என்று நினைத்திருப்பேனோ என்று படுகிறது. எது உண்மை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போனமுறை சபை கலைந்திருந்த காலம். உறுப்பினர்கள் இல்லை. செயலாளரே எல்லாவற்றையும் பார்த்தார், நூறு வேலைக்கு நடுவில் கையெழுத்திட்டார். பட்டியல் மேலே போனது. மேலே இருப்பவர்களின் கணக்கில் எங்கள் ஊருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"இப்ப திரும்பக் கேக்கேலாதோ அக்கா?"

"கேக்கலாம். ஆனா நிறைவேறினதெண்டு போனதைத் திரும்பக் கேக்கிறதெண்டா விளக்கம் வைக்கோணும். ஆர் பிழை விட்டது, எப்பிடி விட்டது. அது உம்மடை சுயவிபரக் கோவைக்குள்ளை போய்க் குந்தும்." குரலைத் தாழ்த்தினார். "நியமனம் உறுதியாகிற நேரத்தில ஆரும் தன்ரை கையால விளக்கம் எழுதுவினமே? விசரே உமக்கு?"

அன்று பின்னேரம் கணவரிடம் கைபேசியில் சொன்னேன். அவர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"நீ சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்தானே."

"அடுத்த முறை போடு. கடிதம் வரட்டும் முதல்."

அடுத்த முறை என்றால் மகளுக்கு ஒன்றரை வயது தாண்டிவிடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இந்த வேலையை நம்பித்தான் வாடகை வீட்டில் இருக்கிறோம். சரி என்று சொன்னேன். பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

பட்டியலை இறுதியாக்கும் கூட்டம் புதன்கிழமை. நான் மூலையில் இருந்து குறிப்பெடுத்தேன். தவிசாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். வீதிக்கும் அணைக்கும் இடையில் பெரிய இழுபறி நடந்து முடிந்தது. அப்போது, நான் வாடகைக்கு இருக்கும் ஊரும் அடங்கிய கடற்கரைப் பக்க வட்டாரத்தின் பெண் உறுப்பினர் எழுந்தார். முன்பள்ளி ஆசிரியராக இருந்தவர். சபைக்குப் புதியவர். அதிகம் கதைக்கமாட்டார்.

"எங்கடை பக்கத்தில மிட்வைஃப் இல்லை. பிள்ளைப்பெத்த வீடுகளுக்கு ஆரும் வாறேல்லை. அதையும் போடோணும்."

தவிசாளர் போனமுறைத் தாளைப் புரட்டினார். "அது நிறைவேறினதெண்டு கிடக்கே, ரீச்சர்."

"இல்லை. ஆள் இல்லை."

"இதில எழுத்தில கிடக்கு."

எதிர் வரிசையில் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "ரீச்சருக்குத் தெரியாம ஒளிச்சு வந்திட்டுப் போறாவோ தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "தந்ததையே திரும்பக் கேட்டா எம்பிமார் எங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டெல்லே நினைப்பினம்" என்றார். மறுபடி சிரிப்பு. அந்தப் பெண் உறுப்பினர் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

என் கையில் பேனை இருந்தது. எழுந்து, அது நான் பிழையாக அடித்தது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். உத்தியோகத்தர் கூட்டத்தில் கேட்காமல் கதைக்கக் கூடாது என்ற ஒழுங்கை நினைத்துக்கொண்டேன். ஒழுங்கு உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. 'முன்னர் நிறைவேற்றப்பட்டமையால் சேர்க்கப்படவில்லை' என்று குறிப்பில் எழுதினேன்.

கூட்டம் முடிந்து ஒரு மணிபோல யன்னலால் பார்த்தேன். அந்த உறுப்பினர் வீதிக்கரையில் குடையோடு பஸ்ஸுக்கு நின்றார். ஒரு கையில் அந்தத் தாளை விரித்து வைத்திருந்தார். வாசித்தார். மடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி விரித்தார். தான்தான் எங்கேயோ பிழையாக விளங்கிக்கொண்டோமோ என்று தேடுகிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அது என்னுடைய பழக்கம். மகளின் கொப்பியை நான் அப்படித்தான் விரித்து விரித்துப் பார்க்கிறேன்.

செயலாளரின் அறைக்குப் போய் நின்றேன். சொல்லி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்கு உறுதிப்படுத்தல் எப்ப?"

"வாற மாதம், சேர்."

"ம்." நான் கொண்டுபோன கோவையைத் திறந்து பார்த்தார். "நானும்தான் கையெழுத்து வைச்சிருக்கிறன். சரி, எழுதித் தாரும். பட்டியலில சேர்த்துவிடும், தவிசாளரிட்டை நான் சொல்லுறன். பிரதி ஒண்டு அந்த ரீச்சருக்கும் போகோணும். அவதானே கேட்டவ."

விளக்கத்தை எழுதுவது பட்டியலை அடிப்பதைவிடக் கடினமாக இருந்தது. முதலில் எழுதியதில் என் கர்ப்பம் இருந்தது, வேலைப்பளு இருந்தது, உறுப்பினர்கள் இல்லாத சபை இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் வாசித்தால் ஏதோ கெஞ்சுவது போல இருந்தது. வெட்டி வெட்டிக் கடைசியில் நான்கு வரி மிஞ்சியது. கடிதத்தின் இரண்டாம் பந்தியைக் கவனத்தில் எடுக்காமல் நான் பிழையாகப் பதிவு செய்தேன் என்றும், அந்த வெற்றிடம் இன்றும் உள்ளது என்றும் எழுதி ஒப்பமிட்டேன். அக்கா பக்கத்து மேசையில் இருந்து பார்த்தார். அன்று தேத்தண்ணீருக்கு என்னைக் கூப்பிடாமலே போனார். வேண்டுமென்று செய்தாரா, மறந்தாரா என்று யோசித்துக்கொண்டே தனியாகக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகளுக்குக் கீரைச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அந்த உறுப்பினர்.

"கடிதம் கிடைச்சுது பிள்ளை. நீர்தானே அண்டைக்கு மூலையில இருந்து எழுதிக்கொண்டிருந்தனீர்?"

"ஓம், ரீச்சர்."

"அவையள் என்னைப் பார்த்துச் சிரிக்கேக்கை அங்கைதானே இருந்தனீர்?"

"ஓம்."

"அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

மகள் வாயைத் திறந்துகொண்டு கரண்டியைப் பார்த்திருந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். ஒழுங்கு என்றேன், அனுமதி என்றேன். அவர் முடிக்க விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"சரி" என்றார். "திங்கக்கிழமை எம்பிமாரிட்டைக் குடுக்கேக்கை நானும் போறன். எங்கடை பக்கத்தில எத்தினை பிள்ளையளுக்கு நிறை ஏறேல்லை எண்டு கேட்டா என்ன சொல்லுறது? அதையாவது விசாரிச்சு எழுதித் தாரும்."

வைத்துவிட்டார். எண்ணிக்கை கேட்கிறார். என்னிடம் ஒரு பிள்ளையின் கணக்கு மட்டுமே இருந்தது. மற்ற வீடுகளின் படலைகளை நான் ஒருநாளும் தட்டியதில்லை.

மகளின் வாயைத் துடைத்து, தொப்பியைப் போட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று தெரியும். இரவில் அழுவது கேட்கும். தாயின் பெயர் தெரியாது. படலையில் நின்று எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். அக்கா என்பதா, தங்கச்சி என்பதா. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. அப்போதும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு, ஊரில் எல்லோரும் படலையில் நின்று கூப்பிடுவது போல, "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டேன்.