கப்பலில் சொன்ன பாங்கு

ஜங்லிகாட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் வாஹிதுக்குக் குரல் ஒன்றுதான் சொத்து. அடேயப்பா, என்ன குரல்! அக்கம்பக்கத்தில் எந்த முஸ்லிம் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீல் வீலென்று கத்துகிற பிள்ளையும் அவர் குரலைக் கேட்டால் கப்சிப். சொல்லி முடித்து, மென்ற பேரீச்சம்பழத்தைப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்துவிட்டு, ஏழாம் நாள் அகீகா விருந்துக்கு வந்துவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே கிளம்புவார்.

அந்தச் சிரிப்பு வாசல் வரைதான். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவருக்கும் நஜ்மாவுக்கும் பிள்ளை இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் பாங்கு சொல்றாரு, சொந்தப் பிள்ளைக்கு எப்பவாம்?" என்று அவர் காதுபடவே கேட்டார்கள், பாவிகள்! அப்படிப்பட்டவருக்கு நஜ்மா உண்டாகியிருக்கும் சேதி வந்தால் எப்படி இருக்கும்? தன் பிள்ளைக்குப் பாங்கு தன் குரலில்தான் என்று மனிதர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

நஜ்மாவுக்குக் கடல் தாண்டி இன்னொரு தீவில், கேம்பல் பேயில், டீச்சர் வேலை. பிரசவத்துக்கு ஊர் வர முன்னாடியே லீவு போட்டும், கடல் சரியில்லாமல் கப்பல் தள்ளித் தள்ளிப் போய், எட்டாம் மாதத்தில்தான் ஏற முடிந்தது. ஏறியபின் போன் எடுக்கவில்லை. நடுக்கடலில் சிக்னலுக்கு எங்கே போவது?

கப்பல் வருகிற காலையில், அவள் வாய்க்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு வாஹித் ஹேடோ துறைமுகத்துக்குப் போனார். அங்கே வேலை செய்யும் நண்பர் சிவஞானம்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். ஏணி இறங்கியதுதான் தாமதம், மேலேயிருந்து ஒரு கப்பல் ஊழியர் கத்தினார்.

"வாஹித் பாய் கோன் ஹை? முபாரக் ஹோ, பேட்டி ஹுயி ஹை!"

பெண் பிள்ளை பிறந்திருக்கிறதாம்! அதுவும் கப்பலிலேயே! வாஹிதுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவஞானம்தான் தோளைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டு போனார்.

கப்பலின் மருந்தறையில் நஜ்மா வெளுத்துப்போய்க் கிடந்தாள். மார்பில் துணிச்சுருளுக்குள் பிள்ளை. பக்கத்தில் ராணி, அதே கப்பலில் லீவுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டிருக்கலாம் மனிதர். கேட்டாரா?

"பாங்கு யாரு சொன்னா?"

"நான்தான் மச்சான்."

"நீயா!"

வாஹிதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் சத்தமாகப் பேசக்கூட மாட்டாள் நஜ்மா. அவள் பாங்கு சொன்னாளா? "கப்பல்ல ஒரு முஸ்லிம் ஆம்பள கூடவா இல்ல? நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

ராணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பொறுக்கவா? புள்ள அழவே இல்ல பாய்! நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. நானும் முதுகத் தேய்க்கிறேன், ஆக்ஸிஜன் வைக்கிறேன், மூச்சே வரல. இங்க ஆள் தேடிட்டு இருக்க நேரமா இருந்துச்சு? 'என் வாய்க்குப் பக்கத்துல கொண்டு வாங்க சிஸ்டர்'னாங்க. அவங்க ஒரு பக்கம் சொல்ல, நான் ஒரு பக்கம் ஊத, அதுக்கப்புறமும் ரொம்ப நேரம் போராடித்தான் அழ வச்சோம்."

"தங்காதுன்னு நினைச்சேன் மச்சான்," என்றாள் நஜ்மா. "போறதுன்னாலும் அல்லாஹ் பேரக் கேட்டுட்டுப் போகட்டும்னு சொன்னேன். உங்கள மாதிரி சொல்லிப் பாத்தேன். வரல. அழுகையோடதான் வந்துச்சு."

வாஹித் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இவள் நடுக்கடலில் பிள்ளையை வழியனுப்பப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் கடையில் யாருக்கோ பக்கெட் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்திருப்பார். சண்டை போட வந்த வாயைப் பார்!

"பாய், உங்க ஆசைக்கு இன்னொரு தடவ சொல்லிடுங்களேன். க்யா ஃபரக் படேகா? என்ன குறைஞ்சிடப்போகுது?" என்றார் சிவஞானம்.

வாஹித் குனிந்தார். சுருங்கிக் கிடந்த அந்தச் சின்னக் காதருகே வாயைக் கொண்டுபோனார். ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் பாங்கு சொன்ன குரல் வெளியே வரவில்லை.

"வேணாம்," என்று நிமிர்ந்தார். "கேக்க வேண்டியத கேட்டுட்டா."

பொட்டலத்தைப் பிரித்து ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி நஜ்மாவின் வாயில் வைத்தார்.

"மெல்லு. இதையும் நீயே தொட்டு வை."

"நீங்க வைக்கலியா?"

"நீதான் வைக்கணும்."

"தொட்டு மட்டும் வைங்க, ஊட்டிடாதீங்க," என்றாள் ராணி.

நஜ்மா மென்று, விரல் நுனியில் எடுத்துப் பிள்ளையின் நாக்கில் தொட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது, வாயைச் சப்புக்கொட்டியது, பிறகு வீலென்று கத்த ஆரம்பித்தது.

"அரே, உங்க குரல்ல ஒண்ணு விடுங்க பாய், கப்சிப்னு ஆயிடுவா," என்று சிவஞானம் சிரித்தார்.

வாஹித் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழட்டும்பா," என்றார். "நல்லா அழட்டும்."