கோட்டைக் கிராமத்தின் பதினோராம் இலக்கம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அக்காவின் சமையலறைக்குள் நுழைந்தபோது நான் முதலில் கண்டது, மேசையில் கிடந்த கைபேசியின் திரையில், ஒரு படத்தில், மஞ்சள் ஒட்டுத்தாள். உள்ளங்கை அளவுதான். அது ஒரு கல்லறைக் கல்லின் மேல்மூலையில் ஒட்டப்பட்டிருந்தது. கல்லில் தமிழ் எழுத்து. அத்தானின் பெயர்.

அன்று ஞாயிறு. தேவாலயப் பூசைக்கு அக்காவைக் கூட்டிப்போக லண்டனின் மறுபக்கம் எட்மண்டனிலிருந்து வந்திருந்தேன். அவர் சேலை உடுத்தி, மேலே கோட்டும் போட்டு, கதிரையில் இருந்தார்.

“தம்பி, உதில என்ன எழுதியிருக்கு எண்டு பார். கண்ணாடி இல்லாமல் தெரியேல்லை.”

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. பதினைந்து வருடம் ஜேர்மனியில் வாழ்ந்தவர். அந்த மொழி வாசிக்கத் தெரியாதவரும் அல்ல.

மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அக்காவின் ஒரே மகள். ஜேர்மனியில் அக்கா இருந்த கிராமத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை அங்கே படித்தவள். திரையைப் பார்த்தாள்.

“சேமக்காலை ஒபிசோட கதைக்கட்டாம், அம்மா. அவ்வளவுதான்.”

“என்னத்துக்கு?”

“இண்டைக்கு ஞாயிறு. நாளைக்குக் கேக்கிறன்.”

படத்தை அனுப்பியவர், அக்காவின் பழைய முன்வீட்டுக்கார ஜேர்மன் பெண். அக்கா லண்டனுக்கு வந்த பிறகும் அத்தானின் கல்லறைக்குத் தண்ணீர் விட்டு, நவம்பரில் விளக்கேற்றுபவர் அவர்தான்.

ஆற்றங்கரையில் ஒரு பாறை, பாறையின் மேல் கோட்டை, அதன் கீழே ஒரு தேவாலயமும் முந்நூறுக்குக் குறைந்த வீடுகளும். அதுதான் அந்தக் கிராமம். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அரசு மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பிய காலத்தில், மன்னாரிலிருந்து போன இவர்கள் இருவருக்கும் அங்கே மூடிக்கிடந்த ஒரு விடுதியில் ஓர் அறை கிடைத்தது. முதல் சில வருடங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி எடுக்க வேண்டும். அத்தான் கூரை வேலைக்காரர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்தார். மகளுக்கு எட்டு வயதானபோது மாரடைப்பில் இறந்தார்.

நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். மருமகளின் ஞானஸ்நானத்துக்கு ஒருமுறை, அத்தானின் அடக்கத்துக்கு ஒருமுறை, கல் நட்ட நாளில் ஒருமுறை. சேமக்காலை என்று நாங்கள் சொல்லும் கல்லறைத் தோட்டம் கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. கல் சிவந்த மணற்கல். நான் தாளில் எழுதிக்கொடுத்த தமிழை, கல் செதுக்குபவர் கோடு பிசகாமல் செதுக்கியிருந்தார். மேல்பாதியில் மட்டும்.

“கீழ்ப்பாதி எனக்கு” என்று அக்கா விரலால் தன் நெஞ்சைக் காட்டினார். கல் செதுக்குபவர் தலையாட்டினார்.

மகளின் ஆங்கிலப் படிப்புக்காக அக்கா லண்டனுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் பேச்சு மாறியதில்லை. தான் இறந்தால் அங்கே கொண்டுபோய் அத்தானோடு வைக்க வேண்டும். இதைப் பங்குத் தந்தைக்கும் சொன்னார், பக்கத்துவீட்டுக் குஜராத்திப் பெண்ணுக்கும் சொன்னார்.

திங்கட்கிழமை மருமகள் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டிவிட்டாள். நானும் இருந்தேன். மறுமுனையில் சேமக்காலை அலுவலகப் பெண் மரியாதையாகப் பேசினார். மருமகளின் பேச்சில் அந்த ஊர் உச்சரிப்பைக் கேட்டு, எந்தத் தெருவில் வளர்ந்தவள் என்று விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அக்கா மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, உங்களுக்கு விளங்கினதுதானே?”

“விளங்கினது. நீ தமிழில சொல்லு.”

மருமகள் சொன்னாள். குழியை இருபத்தைந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். அது முடிந்துவிட்டது. சில வகைக் குழிகளைப் புதுப்பிக்கலாம், வரிசையில் அடுத்தடுத்துக் கொடுக்கும் குழிகளைப் புதுப்பிக்க முடியாது. அத்தானுடையது வரிசைக் குழி. வசந்தத்தில் கல்லை எடுத்துவிட்டு மட்டமாக்கிப் புல் விதைப்பார்கள்.

“அவரை எடுப்பினமோ?”

“இல்லை, அவர் அங்கதான் இருப்பார். மேல இருக்கிறதைத்தான் எடுக்கிறது.”

“அப்ப எனக்கு வைச்ச இடம்?”

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “அக்கா, அந்தக் குழி முதல் நாளிலயிருந்தே ஒரு ஆளுக்குத்தானாம்.”

அக்கா எழுந்து கேத்திலை அடுப்பில் வைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. மருமகள் போய் ஊற்றினாள்.

“மன்னாரில எங்கட அப்பாவின்ர குழி இப்பவும் அப்பிடியே கிடக்கு,” என்றார் அக்கா.

“அதுக்குள்ள சித்தப்பாவையும் வைச்சது, அக்கா.”

“அது குடும்பம். உவை ஆரையோ எல்லே கொண்டந்து வைக்கப் போயினம்.” பிறகு மகளிடம் திரும்பினார். “அந்த ஊரில தந்திட்டுப் பறிக்காத குழி ஒண்டும் இல்லையோ?”

“இருக்கு. ஊருக்கு வெளியில, காட்டுப்பக்கம். யூத ஆக்களின்ர. அதை எந்தக் காலமும் தொட மாட்டினம். ஸ்கூலால கூட்டிக்கொண்டு போனவை. ஆனா ஊரில இப்ப அந்த ஆக்கள் ஒருத்தரும் இல்லை.”



வியாழக்கிழமை முன்வீட்டுக்காரப் பெண்ணிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அவர் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் உறுப்பினர். கல்லை உடைத்துப் போட விடாமல், கோட்டையின் வெளிமுற்றச் சுவரில் பழைய பிரபுக்களின் கற்பலகைகளுக்குப் பக்கத்தில் பதிக்கச் சங்கம் விரும்புகிறதாம். அந்த மாவட்டத்திலேயே தமிழ் எழுத்துள்ள கல் வேறு இல்லையாம். குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மருமகள் சங்கத்தின் வழிகாட்டித் துண்டுப்பிரசுரத்தை இணையத்தில் திறந்து, பார்க்க வேண்டிய பத்து இடங்களையும் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நான் முன்பு பத்திரிகைச் செய்தியறையில் பழகியபடி குறிப்பெடுத்தேன். கோட்டை ஒரு போரில் எரிந்தது. எஞ்சிய கல்லில் பாதியை ஊரார் மாட்டுத் தொழுவம் கட்ட எடுத்துப்போக, மீதியில் பிரபுவின் வரி அதிகாரி தனக்கு ஒரு வீடு கட்டினான். அதைத்தான் இப்போது கோட்டை என்கிறார்கள். முற்காலத்தில் அடியில் இருந்து வழக்கு விசாரித்த எலுமிச்சை மரம் என்று நாங்கள் படமெடுத்த மரம், மின்னல் விழுந்த பிறகு நட்ட இரண்டாவது மரம். எலுமிச்சையும் அல்ல; ஆங்கிலத்தில் அதையும் ‘லைம்’ என்பதால் வந்த குழப்பம், அது லிண்டன் மரம். கிணற்றடிச் சிலை பிரதி, அசல் நகர நூதனசாலையில். பிரபுக்களின் கற்பலகைகள் முன்பு தேவாலயத் தரையில் இருந்தன. சூடாக்கும் குழாய் பதித்தபோது கிளப்பிச் சுவரில் நிறுத்தினார்கள்.

“கல்லு சுவரில நிக்கும். ஆள் புல்லுக்குக் கீழ. இது என்ன கோலம்?” என்றார் அக்கா. “அப்ப அந்தப் பிரபுமார் எங்க கிடக்கினம்?”

“தெரியாதாம்.”

“ஒருத்தருக்குமோ?”

“ஒருத்தருக்கும் தெரியாதாம், அம்மா.”

அக்கா சிரித்தார். அந்த வாரத்தில் முதல் தடவை. “நல்ல கூட்டுத்தான்.”

மூன்றாம் இலக்கம் வட்டக் கோபுரம். அதன் கூரை ஊர் மக்களின் உழைப்பால் புதுப்பிக்கப்பட்டது என்று மருமகள் வாசித்தாள். அக்கா கையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஊர் மக்களோ? ரெண்டு கோடை இவர் ஏணியில ஓடு சுமந்தவர். பின்னேரத்தில முதுகுக்கு எண்ணெய் போட்டது நான். உவை கீழ நிண்டு பியர் குடிச்சவை.”

“அவையும் சுமந்தவைதான், அம்மா. போட்டோவில நிக்கினம்.”

“சரி, கொஞ்சம் சுமந்தவை. இவர் போட்டோவில இல்லை, ஏனெண்டால் இவர் மேல நிண்டவர்.”

பிறகு அக்கா, “கல்லைச் சுவருக்கு எடுக்கச் சொல்லு,” என்றார். “ஆனா ஓடு சுமந்ததை எழுத வேணும். எழுதாட்டில் கல்லை உடைக்கட்டும்.”

மருமகள் ஜேர்மன் மொழியில் ஒரு பக்கம் எழுதினாள். நான் ஒரு வசனமாக்கச் சொன்னேன். நீளமாக இருந்தால் இடமில்லை என்று வெட்டுவார்கள். அனுப்பியாயிற்று. மூன்று வாரத்தில் சம்மதம் என்று பதில் வந்தது.

அன்று அக்கா கேட்டார்: “அப்ப என்னை எங்க வைக்கப் போறியள்?”

“இங்கதான். கவுன்சில்ல கேட்டனான்,” என்றாள் மகள். “இங்கயும் தவணைதான். ஆனா புதுப்பிக்க ஏலும். நான் இருக்கிற மட்டும் நான் பாப்பன்.”

“நீ போனாப் பிறகு?”

மருமகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாலை எடுத்துக்கொண்டு பூட்டு,” என்றார் அக்கா. “கரண்ட் வீணாப் போகுது.”

ஏப்ரலில் குழியை மட்டமாக்கினார்கள். முன்வீட்டுக்காரப் பெண் படம் அனுப்பினார். ஈர மண், மேலே விதை தூவி, பறவைகள் பொறுக்காமலிருக்க வலை விரித்திருந்தார்கள். ஜூனில் புதிய துண்டுப்பிரசுரம் தபாலில் வந்தது. இப்போது பதினொரு இடங்கள். கடைசி இலக்கத்தின் கீழ் இருப்பதை மருமகள் மொழிபெயர்த்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள்:

“11. கல்லறைக் கல், மணற்கல். தமிழ் எழுத்து. இலங்கையைச் சேர்ந்த கூரைத் தொழிலாளி; வட்டக் கோபுரத்துக்கு ஓடு சுமந்தவர்களில் ஒருவர். கல்லின் கீழ்ப்பாதியில் எழுத்து இல்லை.”