அமுதவல்லியின் ஜோடி

சென்னை விமான நிலையத்தில் மேரிசெல்வியின் பையை ரேகா வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டபோதே அமுதவல்லிக்குச் சுருக்கென்றது. அவரவர் பையை அவரவர் தூக்கினால் என்ன? அப்போது கேட்கத் தோன்றவில்லை. முதன்முதலாக விமானம் ஏறப்போகிறவளுக்குப் பயப்பட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் இலங்கைக்கு வந்து நான்கு நாளாகியும் அந்தப் பை ரேகாவின் தோளைவிட்டு இறங்கவில்லை. பேருந்தில் ஏறினால் ரேகாவும் மேரியும் ஒரு சீட்டில். அமுதவல்லி பின் சீட்டில், யாரோ ஒருவருடைய மீன் கூடைக்குப் பக்கத்தில். நீர்கொழும்பு விடுதியில் மூன்று கட்டில் போட்டிருந்தார்கள். இரண்டு சேர்ந்தாற்போல், ஒன்று சுவரோரமாகத் தனியாக. தனிக் கட்டில் யாருக்கு என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் மற்ற இரண்டிலும் துணிகள் கிடந்தன.

இத்தனைக்கும் இந்தப் பயணம் அமுதவல்லியும் மேரியும் போவதாக இருந்தது. மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் வேலை இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு மழை நாளில், ஆயுசில் ஒருதரமாவது வெளிநாடு போய்விட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்தார்கள். பேசியபடி சீட்டும் சேர்ந்தார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் படிவம் நிரப்பத் தெரியவில்லை என்று மேரி தன் தெருக்காரி ரேகாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரேகா ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்ப்பவள், முப்பது வயது, இங்கிலீஷ் பேசுவாள். படிவத்தை நிரப்பினாள், அறை பிடித்தாள், கடைசியில் தானும் டிக்கெட் போட்டுக்கொண்டாள். அமுதவல்லிக்கு ரேகாமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அமுதவல்லிக்கு நாற்பத்தொரு வயது. கணவர் அறிவழகன் புதுச்சேரிப் பக்கம் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். கல்யாணமாகி வந்த மறுமாதமே அவள் பாத்தியில் இறங்கிவிட்டாள். வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்குகிற வரப்பில் நடந்து, ரோட்டோரத்து அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நிறைந்த கூடையை யாராலும் தானாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. அதனால் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் சுமப்பார்கள். ஒருத்தி நடந்து போய்க் கொட்டிவிட்டு வருவதற்குள் மற்றவள் அள்ளி நிரப்பி வைத்திருப்பாள். உன் கூடையை உன் ஜோடிதான் நிரப்புவாள், எவ்வளவு என்று நீ சொல்லக் கூடாது. கனமாக இருக்கிறது என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டால் ஜோடிக்கு அதைவிட அவமானம் கிடையாது. சீசன் தொடங்கும்போது மேஸ்திரியிடம் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லிவிட்டால் மழை வரும்வரை மாற்ற முடியாது.

பதினோரு வருஷமாக அமுதவல்லி என்றால் மேரிசெல்வி. மேஸ்திரி கேட்கக்கூட மாட்டார், எழுதிக்கொள்வார். எக்கியார்குப்பத்திலிருந்து மேரி சைக்கிளில் வந்து சேருவதற்குள் அமுதவல்லி இருவர் சும்மாட்டுத் துணியையும் நனைத்துப் பிழிந்து வைத்திருப்பாள். கணவனிடம் சொல்லாததை மேரியிடம் சொல்லியிருக்கிறாள். மேரியும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் சாயங்காலம் மேஸ்திரி தட்சணாமூர்த்தியின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. இந்த வருஷம் பொங்கல் தாண்டியும் மழை விடாததால் சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டியாக்குகிற பாத்தி மிதிப்பு தள்ளிப்போயிருந்தது. இப்போது தண்ணீர் வடிந்துவிட்டதாம். திங்கட்கிழமை மிதிப்பு, ஜோடிப் பெயர்களை அனுப்புங்கள் என்றார். அமுதவல்லி அதை மேரிக்குக் கேட்கும்படி இன்னொரு முறை போட்டாள்.

"பேர் கேக்குறாரு. சொல்லிடவா?"

மேரி கடலில் நனைந்த துணியை ஜன்னலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஊருக்குப் போய் சொல்லிக்கலாம்க்கா. இன்னும் ரெண்டு நாள் இருக்குதே."

பதினோரு வருஷத்தில் இதற்கு அவள் நேரம் கேட்டதே கிடையாது. அமுதவல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது ரேகா மேரியிடம் தணிந்த குரலில், ஒண்ணாந்தேதி வந்து சேர்ந்துடு, நான் பேசி வச்சிருக்கேன் என்று சொல்வது காதில் விழுந்தது. அவளைப் பார்த்ததும் இரண்டு பேரும் மீன்குழம்பைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் கொழும்பில் கடைகளுக்குப் போவதாக ஏற்பாடு. அமுதவல்லி முடியாது என்றுவிட்டாள். புத்தளத்தில் உப்பளம் இருக்கிறதாம், அங்கேதான் போக வேண்டும் என்றாள். ரேகாவுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம ஊர்ல இல்லாத உப்பாக்கா? பிளேன் ஏறி வந்து அதையா பாக்கணும்?"

"நீ எங்க வேலையைப் பாத்ததில்லையே ரேகா. பாக்க வேணாமா?"

 இரண்டு மணி நேரத்துக்குமேல் பேருந்தில் போனார்கள். இந்த முறை அமுதவல்லி முந்திக்கொண்டு மேரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேரி வழியெல்லாம் தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டு தூங்கினாள், அல்லது தூங்குவதுபோல் இருந்தாள்.

உப்பளத்தைப் பார்த்ததும் அமுதவல்லிக்கு உயிர் வந்தது. அதே வெள்ளை, அதே காற்று, உதட்டில் அதே கரிப்பு. அங்கே உப்பைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. நாங்களும் உப்பளத்துக்காரர்கள்தான், தலையில்தான் சுமப்போம் என்று அமுதவல்லி சொன்னதும் அவர்கள் நம்பாமல் சிரித்தார்கள். ஓரமாக இரண்டு கூடைகள் கிடந்தன. சுமந்து காட்டட்டுமா என்று கேட்டாள். தாராளமாக என்றார்கள்.

அவள் ரேகாவைப் பார்த்து நின்றுகொண்டு அள்ளினாள். கூடை நிறைந்ததும் சும்மாட்டுக்குத் துண்டைச் சுருட்டி மேரியிடம் நீட்டினாள். மேரி அதை வாங்கிக்கொண்டு ரேகாவைத்தான் பார்த்தாள். ரேகா வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். உப்பளத்தில் நிற்கும்போதுகூட என்னைப் பார்க்காமல் அவளையா பார்க்கிறாய் என்று அமுதவல்லிக்கு வந்தது. குவியலிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள். பிறகு இன்னொன்று. மேரி வந்து குனிந்தாள்.

ஏற்றிவிட்டதும் அவள் நடந்தாள். பத்தடி வரைக்கும் அந்தப் பழைய நடைதான். புத்தளத்துப் பெண்கள் கைதட்டினார்கள். அப்புறம் மேரி நின்றாள். கூடை ஒரு பக்கமாகச் சரிந்து உப்பு முழுக்க வரப்பில் கொட்டியது. அவள் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ரேகா ஓடினாள். "உங்களுக்கு அறிவிருக்குதாக்கா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். ஐப்பசியிலேயே திண்டிவனத்து டாக்டர் சொல்லிவிட்டாராம். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலைச்சுமை கூடவே கூடாது, தோளில் பைகூட மாட்டக் கூடாது என்று. அமுதவல்லி கையில் ஒட்டியிருந்த உப்பைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் தோன்றியது, இது ரேகாவுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான். கழுத்தைப் பற்றிய நினைப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி நாள் முழுக்க விடுதி அறையிலேயே கழிந்தது. மேரி தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தாள். பக்கத்துக் கடையில் ஏதோ தைலம் வாங்கி வந்து ரேகா நீவிவிட்டாள். நன்றாகத்தான் நீவினாள். அமுதவல்லி பெட்டியில் துணிகளை மடித்து வைத்தாள், பிறகு எடுத்து மறுபடி மடித்தாள். மத்தியானம் ரேகா, பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்க்கா. போன சீசன்ல ரெண்டு தரம் சொன்னேன், கொஞ்சம் குறைச்சுப் போடுன்னு. மெதுவாத்தான் சொன்னேன். நீ சிரிச்சிக்கிட்டே மேல ஒரு கை போட்ட."

அமுதவல்லிக்கு ஞாபகம் இருந்தது. சோம்பேறிக் கழுதை என்றும் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குத்தான்.

"அவகிட்ட மட்டும் எப்படிச் சொன்ன?"

"அவ என் கூடையை ரொப்புறவ இல்லையே." மேரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கிட்ட வலிக்குதுன்னு சொன்னா, அப்புறம் நான் உன் ஜோடி இல்ல. அதான் சொல்லல. எத்தனை நாள் முடியுதோ அத்தனை நாள்னு பாத்தேன்."

ஒண்ணாந்தேதியிலிருந்து ரேகாவின் விடுதிக்குத்தான் போகப்போகிறாளாம். படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. மேரியின் புருஷன் ஜான்சனுக்கும் சம்மதம். புருஷனுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். அமுதவல்லி எழுந்துபோய்த் தைலத்தை எடுத்து வந்தாள். மேரியைத் திரும்பிப் படுக்கச் சொல்லி நீவிவிட்டாள். ரேகா நீவியதைவிட அழுத்தமாகப் போய்விட்டது போலிருக்கிறது. மேரி முனகினாள். அமுதவல்லி கையைத் தளர்த்தினாள். முனகல் நிற்கும்வரை தளர்த்திக்கொண்டே வந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவர்களுக்குள் வழக்கமில்லை.

மறுநாள் காலை கொழும்பு விமான நிலையத்தில் காத்திருந்தபோது மேஸ்திரி போனிலேயே கூப்பிட்டுவிட்டார். முக்கால்வாசிப் பேர் பெயர் கொடுத்தாயிற்று, நீ இன்னும் பாக்கி என்றார். அமுதவல்லி மேரியைப் பார்த்தாள். மேரி, எதையோ தேடுகிறவள்போல் வேறு பக்கம் பார்த்தாள்.

"அமுதவல்லி, அருக்காணி. எழுதிக்குங்க" என்று சொல்லி அமுதவல்லி போனை வைத்துவிட்டாள்.

மேரி மெதுவாகத் திரும்பினாள்.  கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது.

"அருக்காணியா?"

"ஏன், நல்ல ஆள்தானே."

"யாரு, அருக்காணி நல்ல ஆளா? கூடையை ஏத்தும்போது வாய் மூடமாட்டா. பாதியில விட்டுட்டு யாரு போறாங்கன்னு பாப்பா. கூடை சரிஞ்சு உன் காது மடங்கிக்கும், பாரு."

"சொன்னா கேட்டுக்குவா."

"சும்மாட்டை நனைக்கணும்னே அவளுக்குத் தெரியாது."

"நான் நனைச்சு வைக்கிறேன்."

மேரியின் முகம் சுண்டிப்போனது. ஐந்து நாளாகத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அமுதவல்லி அதில் பார்த்தாள். நெஞ்சுக்குள் எதுவோ இதமாக இறங்கியது. அது நல்ல குணமில்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் இறங்கியது.

விமானத்தில் ஜன்னலோர இடத்தை ரேகா மேரிக்காக விட்டு வைத்திருந்தாள். மேரி அங்கே போகவில்லை. அமுதவல்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஊரில் வேறு ஆளே இல்லையா என்று ஆரம்பித்தாள். செந்தமிழ் இல்லையா, சரண்யா இல்லையா, போயும் போயும் அவளா என்றாள். அருக்காணி எந்த வருஷம் யாரை வரப்பில் தள்ளிவிட்டாள், யாருடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப்போய்விட்டாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. விமானம் தரையைவிட்டுக் கிளம்பிக் கடலுக்குமேல் போன பிறகும் முடியவில்லை. அமுதவல்லி ஒன்றையும் மறுக்கவில்லை. நடுநடுவே, அருக்காணிக்குக் கழுத்து மட்டும் நல்ல பலம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.